பனியைப் பார்க்காதவன் நடத்திய பாடம்

ராஜபாளையத்தில் இருபத்திரண்டு வருடமாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன். ஸ்கூல் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு அறை, ஒரு மேஜை, சுவரில் சாலைக் குறியீடுகள் போட்ட படம், வாசலில் ‘எல்’ போர்டு வைத்த சின்ன கார். அந்தக் காரில் என் காலுக்கு அடியிலும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் உண்டு. படிக்க வந்தவர் வண்டியை எங்கேயாவது கொண்டுபோய் விடப் பார்த்தால் நான் மிதித்துவிடுவேன். கால் மிதித்ததும் வாய் தானாகத் திறந்துவிடும். "கண்ணு ரோட்டுல இருக்கா, வீட்டுல வச்சுட்டு வந்துட்டியா?" என்று ஆரம்பித்தால் அடுத்த பஸ் ஸ்டாப் வரைக்கும் ஓயமாட்டேன்.

என் கோபம் ஊரறிந்த விஷயம். கோபப்பட்டுச் சொன்னால்தான் பாடம் மண்டையில் ஏறும் என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன். ஒருமுறை காலேஜில் படிக்கும் ஒரு பெண்ணிடம், இடது பக்கம் திரும்பு என்று சொல்ல நினைத்து வலது பக்கம் என்று சொல்லிவிட்டேன். அவள் சொன்னபடி வலது பக்கம் திருப்பினாள். எதிரே பஸ் வந்தது. பிரேக்கை மிதித்துவிட்டு அவளை ஏசு ஏசென்று ஏசினேன். அவள் கண் கலங்கி, "சாரி சார்" என்றாள். வீட்டில் சாப்பாட்டில் கை வைத்தபோதுதான் தப்பு என்னுடையது என்று உறைத்தது. மறுநாள் அவளிடம் அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஸ்டியரிங் பிடிப்பது நன்றாக இருக்கிறது என்று ஒரு பாராட்டைப் போட்டுச் சமாளித்துவிட்டேன்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம், அடுத்து நான் சொல்லப்போவதை ஏதோ தெரியாமல் ஒருநாள் நடந்த தப்பு என்று யாரும் எனக்காகப் பரிந்து பேசிவிடக் கூடாது என்பதுதான்.

போன சித்திரையில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு நர்ஸ் வந்து சேர்ந்தாள். முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று வயதிருக்கும். அவளுக்குக் கனடாவில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்திருந்தது. முதலில் அவள் மட்டும் போவது, வேலை நிரந்தரமானதும் கணவரையும் மகளையும் அழைத்துக்கொள்வது என்று ஏற்பாடு. வார நாட்களில் டியூட்டி முடிந்து பஸ் ஏறி வருவாள். ஞாயிற்றுக்கிழமை என்றால் கோயில் முடிந்து வருவாள். கிறிஸ்தவக் குடும்பம், சர்ச்சுக்குப் போவதைக் கோயிலுக்குப் போவது என்றுதான் சொல்வார்கள்.

என்னிடம் படித்தவர்கள் எல்லோரும் என்னைச் சார் என்பார்கள். நான் பழக்கிவைத்தது அப்படி. இவள் மட்டும் முதல் நாளே, "அண்ணே, சீட்டை முன்னாடி இழுக்கலாமாண்ணே?" என்றாள். சார் என்று கூப்பிடச் சொல்ல வாயெடுத்தேன். என்னவோ சொல்லவில்லை. கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லாமல் வளர்ந்தவன் நான். இரண்டு வாரத்தில் அந்த அண்ணேவுக்குக் காது பழகிவிட்டது. அவளை மட்டும் ஏசுவதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன் என்பதும் உண்மை.

லைசென்ஸ் கைக்கு வந்த நாளில் அவள் ஒரு கோடு போட்ட நோட்டோடு வந்தாள்.

"அண்ணே, அங்க அஞ்சாறு மாசம் ரோடெல்லாம் ஸ்னோவாக் கெடக்குமாம். பஸ் வசதியும் கம்மி. எனக்கு முந்திப் போன அக்கா ஒருத்தங்க அவங்க காரை எனக்குக் குடுத்துட்டு வேற ஊருக்குப் போறாங்க. ஆல் வீல் டிரைவாம். ஸ்னோவுல எப்படி ஓட்டணும்னு சொல்லிக் குடுங்கண்ணே. நீங்க ஓட்டியிருக்கீங்களா?"

எனக்குப் பனி என்றால் மார்கழி மாதம் வண்டிக் கண்ணாடியில் படிவதுதான். தெரியாது என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். அந்த வார்த்தை என் வாயில் அத்தனை சுலபத்தில் வராது.

"ஓட்டாம என்ன? லாரி ஓட்டுன காலத்துல காஷ்மீர் வரைக்கும் போயிருக்கேன்லா" என்றேன்.

லாரி ஓட்டியது உண்மை. பேண்டேஜ் துணி ஏற்றிக்கொண்டு வடக்கே போனதும் உண்மை. ஆனால் நான் போன அதிகபட்ச தூரம் நாக்பூர். போனது அக்னி நட்சத்திர வெயிலில். தார் உருகி டயரில் ஒட்டியதைத் தவிர அங்கே எனக்கு வேறு அனுபவம் கிடையாது.

பனிச்சாலையைப் பற்றி எனக்குத் தெரியாதே ஒழிய, நாலு சக்கரமும் இழுக்கிற ஆல் வீல் டிரைவ் காரைப் பற்றித் தெரியும் என்று நினைத்திருந்தேன். ஊரில் ஒரு மில் முதலாளியிடம் அப்படி ஒரு கார் இருக்கிறது. அவருடைய டிரைவர் லீவு போட்டால் என்னைத்தான் கூப்பிடுவார். ஒருமுறை குடும்பத்தோடு செண்பகத்தோப்புக்கு அழைத்துப் போனேன். ஓடையைத் தாண்டும்போது மணலில் சக்கரம் புதைந்துவிட்டது. ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் இஞ்சின் முனகுகிறதே தவிர வண்டி நகரவில்லை. வனத்துறை ஆள் ஒருவர் கரையில் நின்று வேடிக்கை பார்த்தார். டேஷ்போர்டில், ஒரு காரும் அதன் பின்னால் வளைந்து வளைந்து இரண்டு கோடும் போட்ட பட்டன் ஒன்று உண்டு. அதை அழுத்திப் பிடித்தேன். ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் ஆஃப் என்று திரையில் வந்தது. அடுத்த மிதியில் சக்கரம் மணலை வாரி இறைத்துக்கொண்டு வண்டி வெளியே வந்துவிட்டது. பின்சீட்டில் குழந்தைகள் கை தட்டினார்கள். முதலாளி தன் வீட்டம்மாவிடம் தெலுங்கில் என்னைப் பற்றி ஏதோ பெருமையாகச் சொன்னார்.

அந்தக் கைத்தட்டல்தான் வினை. வழுக்கும் இடத்தில் அந்த பட்டன் இஞ்சினின் கழுத்தைப் பிடிக்கிறது, விவரம் தெரிந்தவன் அதை அணைத்துவிடுவான் என்று நானாக ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். அன்றிலிருந்து அந்தக் காரில் ஏறினால் முதல் வேலையாக அதை அணைப்பேன். காரோடு வந்த புத்தகம் டேஷ்போர்டு பெட்டியிலேயே கிடந்தது. நான் அதைத் திறந்தது கிடையாது.

அந்த ஞானத்தைத்தான் அவளுக்கு இரண்டு நாள் உட்காரவைத்து ஓதினேன். நோட்டில் காரை மேலிருந்து பார்ப்பதுபோல் வரைந்தேன். நாலு சக்கரத்துக்கும் அம்புக்குறி போட்டேன். சாதாரணக் காருக்கு இரண்டு சக்கரம்தான் இழுக்கும், உன் காருக்கு நாலும் இழுக்கும், அதனால் வழுக்குமோ என்று பயப்படாதே என்றேன். ஸ்னோ என்றால் முதலில் இந்த பட்டனை அணை, திரையில் ஆஃப் என்று வருகிற வரைக்கும் விரலை எடுக்காதே என்றேன். அவள் அந்த பட்டனின் படத்தை வரைந்து, பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டு, அடியில் கோடு கிழித்துக்கொண்டாள்.

"எம்புட்டு நேரம் அழுத்தணும்ணே?"

"அஞ்சு எண்ணு."

அதையும் எழுதிக்கொண்டாள்.

ஆவணியில் கிளம்பிப் போனாள். போகும்போது, "எனக்காக ஜெபம் பண்ணிக்கோங்கண்ணே" என்றாள். நான் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் அவளையும் சேர்த்துக்கொண்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஞாயிறுதோறும் அவளிடமிருந்து பூவும் வேத வசனமும் போட்ட படம் ஒன்று போனில் வரும். கார்த்திகை மாதம் ஒரு போட்டோ வந்தது. கார் கூரையில் ஒரு முழம் பனி. தொப்பியும் கோட்டுமாக அவள் பக்கத்தில் நின்றாள். "அண்ணே, முதல் ஸ்னோ. நீங்க சொன்னபடிதான் ஓட்டுறேன்" என்று எழுதியிருந்தாள். அந்த போட்டோவை நான் காட்டாத ஆள் இல்லை. நம்ம ஸ்டூடண்ட், ஸ்னோவுல ஓட்டுது பாருங்க என்று டீக்கடையில்கூடக் காட்டினேன்.

பொங்கல் முடிந்த வாரம் முதலாளிக்குக் கூமாப்பட்டிப் பக்கம் இருக்கும் தோப்பில் ஏதோ வேலை. அவரை அங்கே இறக்கிவிட்டுக் காரை ராஜபாளையத்துக்குத் திருப்பிக்கொண்டு வந்தேன். காலை ஒன்பது மணி இருக்கும். அந்தப் பக்கத்து ரோடுகளில் தை மாதம் எப்படி இருக்கும் என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உளுந்துச் செடியைப் பிடுங்கி ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற வண்டிச் சக்கரமே செடியை மிதித்து நெற்றை உடைத்துக் கொடுத்துவிடும். பிறகு செடியை உதறித் தள்ளிவிட்டு உளுந்தைக் கூட்டி அள்ளிக்கொள்வார்கள். கீழே உதிர்ந்த உளுந்து சைக்கிள் பால்ரஸ் குண்டு மாதிரி உருளும், மேலே காய்ந்த செடி வழுக்கும். டூவீலர்காரர்கள் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு மெதுவாகப் போவார்கள்.

நான் மெதுவாகப் போகவில்லை. பட்டனையும் வழக்கம்போல் அணைத்திருந்தேன். நேர் ரோட்டில் செடிமேல் வண்டி ஏறியபோது ஒரு ஆட்டம்கூட இல்லை. நாலு சக்கரமும் இழுத்ததால் கீழே இருப்பது தாரா செடியா என்றே எனக்குத் தெரியவில்லை. அந்தத் தெம்பில் வளைவுக்குள் போனேன். வளைவில் ஒரு பெண் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கம்பால் செடியைப் புரட்டிக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்ததும் ஸ்டியரிங்கை ஒடித்துப் பிரேக்கை மிதித்தேன். வண்டியின் பின்பக்கம் என்னை முந்திக்கொண்டு போவதுபோல் சுற்றியது. அவள் கம்பைப் போட்டுவிட்டு வயலுக்குள் பாய்ந்தாள். நான் வந்த திசையையே பார்த்துக்கொண்டு, பின்சக்கரம் வாய்க்காலில் இறங்கி, பாலத்துக் கல்லில் இடித்து வண்டி நின்றது.

கதவைத் திறந்து இறங்குவதற்குள் வாய் ஆரம்பித்துவிட்டது. "ரோடு என்ன உங்க அப்பன் வீட்டுக் களமா? எவன் சாகணும்னு பரப்பி வச்சிருக்கீக? போலீஸக் கூப்பிடவா?" என்று கத்தினேன். அவள் முழங்காலில் மண்ணோடு ஏறி வந்தாள். என் வயதுதான் இருக்கும்.

"தப்புத்தான்யா. மன்னிச்சிருங்க. இந்தா அள்ளிருதேன்" என்றாள்.

நான் மேலும் ஏசினேன். அதற்குப் பிறகு, பக்கத்து வயலில் இருந்த இரண்டு பேரோடு சேர்ந்து அவளும் என் வண்டியை வாய்க்காலிலிருந்து தள்ளிவிட்டாள். ஒரு நன்றிகூடச் சொல்லாமல் கிளம்பினேன்.

முதலாளியிடம் போனில் ரோட்டில் செடி கிடந்தது என்று சொன்னேன். ஆள் பிழைத்ததே போதும் என்றார். மறுநாள் வெள்ளிக்கிழமை காரை ஊரிலுள்ள ஒரு மெக்கானிக் ஷெட்டுக்குக் கொண்டுபோனேன். மதுரையில் கம்பெனி சர்வீஸில் பல வருடம் இருந்துவிட்டு வந்து சொந்தமாக ஷெட் போட்டவர். பம்பரைப் பார்த்தார், பின்சக்கரத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, வண்டி முழுசாச் சுத்தியிருக்கே. இந்த வண்டி அப்படிச் சுத்த விடாதே. ஸ்டெபிலிட்டி கண்ட்ரோலை ஆஃப் பண்ணிருந்தீகளோ?"

"வழுக்குற ரோடுன்னா ஆஃப் பண்ணணும்லா" என்றேன்.

அவர் சிரித்திருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். சிரிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு பானெட்மேல் உள்ளங்கையை விரித்து வைத்தார்.

"ஒரு டயர் ரோட்டைத் தொடுறது இம்புட்டு இடம்தான். வண்டி இழுக்குறது, நிக்கிறது, திரும்புறது மூணுக்கும் இந்த நாலு உள்ளங்கைதான். ஆல் வீல் டிரைவ் எதுக்கு? எந்தச் சக்கரத்துக்குப் பிடிப்பு இருக்கோ அதுக்கு இஞ்சின் சக்திய அனுப்புறதுக்கு. கெளம்ப, ஏத்தம் ஏற நல்லா இருக்கும். பிரேக்குக்கு அது ஒண்ணும் பண்ணாது. பிரேக்கு எல்லாக் காருக்கும் நாலு சக்கரத்துலதான இருக்கு?"

இருபத்திரண்டு வருடம் பிரேக் பெடலில் கால் வைத்திருந்தவனுக்கு இது தோன்றவே இல்லை.

"அப்ப அந்த பட்டன்?"

"நீங்க ஸ்டியரிங்க எந்தப் பக்கம் திருப்பியிருக்கீகன்னு ஒரு சென்சார் பாத்துக்கிட்டே இருக்கும். வண்டி நெசமா எந்தப் பக்கம் திரும்புதுன்னு இன்னொண்ணு பாக்கும். ரெண்டும் ஒத்துவரலன்னா நம்மளக் கேக்காது. பின்னாடி வெலகுச்சுன்னா வெளிப்பக்கத்து முன்சக்கரத்த மட்டும் பிரேக் பிடிக்கும். திருப்பியும் மூக்கு நேராப் போச்சுன்னா உள்பக்கத்துப் பின்சக்கரத்தப் பிடிக்கும். இஞ்சினையும் அடக்கும். நம்ம காலால ஒரு சக்கரத்த மட்டும் பிடிக்க முடியுமா அண்ணாச்சி? தள்ளுறத ஆல் வீல் டிரைவ் பாத்துக்கும், போற தெசைய இது பாத்துக்கும். ரெண்டும் சேந்தாத்தான் சரி. ஒண்ண மட்டும் வச்சுக்கிட்டா ஆபத்து கூடத்தான். நாலு சக்கரமும் இழுக்குறதால வழுக்குறதே நமக்குத் தெரியாது, வேகமாப் போயிருவோம். திருப்பும்போதுதான் தெரியும்."

"மணல்ல அணைச்சதும் வெளிய வந்துச்சே?"

"புதைஞ்சு கெடந்தா செத்த நேரம் அணைக்கலாம். வெளிய வந்ததும் போட்டுறணும்."

"ஸ்னோவுல?" என்று கேட்டேன்.

"ஸ்னோவுக்குத்தான அண்ணாச்சி இதுக்கு ரொம்ப வேலையே. அணைச்சுட்டு ஓட்டுனா அம்புட்டுத்தான். டயரும் குளிருக்குன்னு தனியா உண்டு, அதையும் மாட்டணும்."

அந்த ஷெட்டில் நின்றபோது என் கண்முன் தெரிந்தது அந்த நோட்டும் அதில் அவள் போட்ட நட்சத்திரக் குறியும்தான். கனடாவில் தை மாசி என்றால் பனி குறையவா செய்யும்? அப்போதே அவளைக் கூப்பிட்டிருக்க வேண்டும். போன் சட்டைப் பையில்தான் இருந்தது.

கூப்பிடவில்லை. ஏன் என்பதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். கூப்பிட்டுச் சொன்னால் அவள் ஒரே ஒரு கேள்வி கேட்பாள். காஷ்மீரில் ஓட்டினீர்களே, அப்போது தெரியவில்லையா என்று. டீக்கடை வரைக்கும் அவள் போட்டோவைக் காட்டித் திரிந்தவன், அண்ணே அண்ணே என்று கேட்டுப் பழகியவன், நாக்பூரோடு திரும்பியவன் என்று அவளுக்குத் தெரிய வேண்டுமா என்று யோசித்தேன். ஒரு பெண்ணின் உயிருக்கும் என் மானத்துக்கும் நடுவில் நின்று யோசித்திருக்கிறேன். இப்போது எழுதும்போது கூசுகிறது, அப்போது அது பெரிய யோசனையாகத் தெரிந்தது.

முதல் ஞாயிறு பூப்படம் வந்தது. நன்றாகத்தான் இருக்கிறாள், அவசரமில்லை என்று சொல்லிக்கொண்டேன். வாய்ஸ் மெசேஜ் அனுப்பலாம் என்று பேசிப் பார்த்து அழித்தேன். இரண்டாவது ஞாயிறும் படம் வந்தது. மூன்றாவது ஞாயிறு வரவில்லை. டியூட்டியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நாலாவது ஞாயிறும் வரவில்லை. அன்று சாப்பாடு இறங்கவில்லை. திங்கட்கிழமை காலையில் ஸ்கூலைத் திறந்ததும் கூப்பிட்டேன். அங்கே ஞாயிறு ராத்திரி எட்டு, எட்டரை மணி.

"அண்ணே" என்றாள். குரலில் சுரத்தில்லை.

"என்னம்மா, படத்தையே காணோம்?"

"போன வாரத்துக்கு முந்துன வியாழக்கெழம வண்டி அடிச்சிருச்சுண்ணே" என்றாள். "டியூட்டிக்குப் போகையில எறக்கத்துல ஒரு திருப்பம். வண்டி சுத்திப் போயி கம்பத்துல இடிச்சிருச்சு. வேற யாருக்கும் ஒண்ணும் இல்ல. எனக்கு இடது கை மணிக்கட்டு முறிஞ்சிருச்சு. கட்டுப் போட்டிருக்காங்க."

"வேல?"

"லீவு குடுத்திருக்காங்க. இன்னும் பெர்மனன்ட் பண்ணல பாத்தீங்களா, அதான் பயமா இருக்கு. இந்தக் கையை வச்சுக்கிட்டு ஆளத் தூக்கி உக்காத்த முடியாதுல்ல. மகளுக்கு இன்னும் சொல்லல."

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள்.

"நான்தாண்ணே தப்புப் பண்ணிட்டேன். அன்னைக்குக் குளிருல கை வெறச்சிருந்துச்சு. அஞ்சு எண்ணாம விரல எடுத்துட்டேனோ என்னவோ. நோட்ட எடுத்து எடுத்துப் பாக்குதேன். நீங்க சொன்னதத்தான் செஞ்சேன், எங்க விட்டேன்னு தெரியல. உங்ககிட்டச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. எம்புட்டுப் பொறுமையாச் சொல்லிக் குடுத்தீங்க. அதான் மெசேஜ் போடல. ஏசாதீங்கண்ணே."

கட்டுப் போட்ட கையோடு, தெரியாத ஊரில் ஒரு அறையில் உட்கார்ந்து, அந்த நோட்டில் தன் தப்பைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறாள். நான் ஏசுவேன் என்று பயந்து ஒளிந்திருந்திருக்கிறாள். அவள் ஒளிந்திருந்த அதே நாட்களில்தான் நானும் ஒளிந்திருந்தேன்.

"தப்பு உம்மேல இல்லம்மா" என்றேன். இருபத்திரண்டு வருடத்தில் நான் யாரிடமும் சொல்லாத வாக்கியம். "நான் சொன்னதுதான் தப்பு. அந்த பட்டனத் தொடவே கூடாது" என்று ஆரம்பித்து மெக்கானிக் சொன்ன அத்தனையையும் சொன்னேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"இது உங்களுக்கு எப்பண்ணே தெரிஞ்சுச்சு?" என்றாள்.

அவள் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டாள். அவள் வண்டி சுற்றிய வியாழக்கிழமையை நான் மனதுக்குள் எண்ணிப் பார்த்துவிட்டேன். ஷெட்டில் எனக்குத் தெரிந்து பதின்மூன்று நாள் கழித்துத்தான் அவளுக்கு அடிபட்டிருக்கிறது.

"நேத்துதாம்மா" என்றேன்.

"நேத்துத் தெரிஞ்சு இன்னைக்கே கூப்பிட்டுட்டீங்களே. நன்றிண்ணே" என்றாள். அவள் அழுதது போனில் கேட்டது. "நான்தான் சரியாப் படிக்கலயோன்னு இத்தன நாளா..." என்று இழுத்தாள். அதற்குமேல் என்னால் கேட்க முடியவில்லை. கை பத்திரம் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அன்று வகுப்பு எடுக்கவில்லை. டூவீலரை எடுத்துக்கொண்டு கூமாப்பட்டி ரோட்டுக்குப் போனேன். எதற்குப் போகிறேன் என்று தெரிந்துதான் போனேன், யாரிடமாவது உண்மையைச் சொல்லிப் பழக வேண்டியிருந்தது. உளுந்து முடிந்திருந்தது. வளைவை ஒட்டிய வயலில் அந்தப் பெண் காய்ந்த செடியைக் கட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். மறுபடி ஏச வந்திருக்கிறான் என்று நினைத்திருப்பாள்.

"அன்னைக்குத் தப்பு எம்மேலதான். வண்டியில ஒண்ண அணைச்சு வச்சிருந்தேன். அதான் சுத்துச்சு. உங்கள ஏசிருக்கக் கூடாது" என்றேன்.

"அது அன்னைக்கே தெரியும்யா" என்றாள். "பத்து வருசமா இங்கதான் பரப்புதோம். எத்தன வண்டி போகுது."

"பொறவு ஏன் மன்னிப்புக் கேட்டீக?"

"ஏசுற ஆளுகிட்ட மன்னிப்புக் கேட்டாத்தான் வெரசாப் போவாக. வேல கெடக்குல்லா" என்று சொல்லிவிட்டுக் குனிந்து கட்டத் தொடங்கினாள். அவள் இடத்தில் காலேஜ் பெண்ணை நிறுத்திப் பார்த்தேன். என்னிடம் சாரி சார் சொல்லிவிட்டுப் போன எத்தனையோ பேரை நிறுத்திப் பார்த்தேன். அத்தனை சாரியையும் என் பாடம் ஏறியதற்கு அடையாளம் என்று நினைத்திருந்தேன்.

மறுநாள் காலையில் மறுபடி கனடாவுக்குப் போன் செய்தேன். இந்த முறை முன்கூட்டியே எதையும் யோசித்து வைக்கவில்லை.

"நேத்துத் தெரிஞ்சதுன்னு சொன்னது பொய்ம்மா. மூணு வாரத்துக்கு மேல ஆச்சு" என்றேன். "உனக்கு அடிபடுறதுக்கு முன்னாடியே தெரியும். கூப்பிட வெக்கப்பட்டுக்கிட்டு இருந்தேன். காஷ்மீருக்கும் நான் போனதில்ல. ஸ்னோவை நான் கண்ணால பாத்ததே நீ அனுப்புன போட்டோவுலதான்."

லைன் போய்விட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தேன். நொடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

"எத்தன நாளு முன்னாடி?" என்றாள்.

"பதிமூணு நாளு."

என்னைத் திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அதற்காகத்தான் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் திட்டவில்லை. அந்தக் கையை வைத்துக்கொண்டு அவள் எப்படிப் போனைப் பிடித்திருக்கிறாள், எப்படிச் சமைக்கிறாள் என்றெல்லாம் கேட்க நினைத்தேன். கேட்கும் யோக்கியதை இல்லை என்று தோன்றியது.

"சரி" என்றாள் கடைசியில். "சொன்னதுக்குத் தேங்க்ஸ் சார். வச்சிரட்டுமா?"